ஜார் மன்னர் மூக்கின் மேல் ஒரு முத்திரை

அன்பு மகன் செனியாவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே அப்பாவின் பல் வலியைத் தவிர வேறு குறை இல்லை. அங்கே இர்கூத்ஸ்கில் உன் நெஞ்சுச் சளி கரைந்து நீ நல்லபடியாக இருக்க மாதாவிடம் மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று மாதமாக ஒரு வரி இல்லையே, பெற்ற பிள்ளையை மறந்துவிட்டீர்களா என்று கேட்டிருந்தாய். மறக்கவில்லையப்பா, நான்கு கடிதம் எழுதினேன். நான்கும் திரும்பி வந்து தேநீர் கொதிக்கும் சமோவார் பக்கத்தில் கிடக்கின்றன. அரச குடும்பம் பட்டத்துக்கு வந்து முன்னூறு வருஷம் ஆயிற்று என்று புதுத் தபால்தலை வந்ததல்லவா, கழுகுப் படம் போட்ட பழைய தபால்தலைக்குப் பதிலாக ஏழு கோபெக் தலையில் ஜார் மன்னரின் முகத்தையே அச்சடித்துவிட்டார்கள். உன் அப்பாவுக்கு முப்பது வருஷமாகத் தபால் ஆபீஸில் முத்திரை அடித்த கை. வந்த முதல் நாளே வழக்கம்போல ஓங்கி ஒன்று வைத்தார், மன்னர் மூக்கில் கரி அப்பினாற்போல ஆகிவிட்டது. போஸ்ட் மாஸ்டர் பொர்ஃபீரி சவ்விச் ஓடி வந்து சிலுவை போட்டுக்கொண்டு, அடப் பாவி, யாரை அடிச்சேன்னு தெரியுதா உனக்கு என்று அழுதாராம். அன்றிலிருந்து திருமுகத்தில் மை படக்கூடாது, பக்கத்தில் காலி இடத்தில் அடி என்று உத்தரவு. பட்டணத்து அலுவலகமோ தபால்தலைமேல் முத்திரை விழாத கடிதம் செல்லாது என்று எங்கள் ஊர் மூட்டையை அப்படியே திருப்பி அனுப்புகிறது. முன்னூறு வருஷம் ஆண்டவர்களுக்கு ஒரு சொட்டு மையைத் தாங்க முடியவில்லை பார்.

அதோடு விட்டாரா பொர்ஃபீரி சவ்விச். அப்பாவின் பென்ஷனுக்கு எட்டு மாதம்தான் பாக்கி என்று தெரிந்தும் அவர் மேல் ஆளுநருக்குப் புகார் எழுதினார். அலுவல் கடிதமாகப் போனால் விசாரணை தன் மேலும் திரும்பும் என்று பயந்து சொந்தக் கடிதமாகத் தலை ஒட்டி அனுப்பினார். அதுவும் திரும்பி வந்தது, ஒரு முறை இல்லை, மூன்று முறை. மழையில் பசை விட்டுப்போன அந்த உறைக்குள் உன் அப்பா தன் பெயரைப் பார்த்துவிட்டு வந்து அன்று சாப்பிடவில்லை.

போன வியாழக்கிழமை போஸ்ட் மாஸ்டர் அந்தப் புகாரை அப்பாவின் மேஜையில் வைத்து, லூக்யன் யெகோரிச், நீயே முத்திரை ஒண்ணு போட்டுடேன், உன் கை ஏற்கெனவே பாவம் பண்ணின கைதானே என்று கெஞ்சியிருக்கிறார். அப்பா நெஞ்சில் கை வைத்து, மன்னிக்கணுங்க ஐயா, திருமுகத்தைப் பார்த்தாலே எனக்குக் கை எழும்ப மாட்டேங்குது என்றாராம். இத்தனை வருஷத்தில் அவர் சாமர்த்தியமாகப் பேசியது அது ஒன்றுதான்.

இப்படிப்பட்ட உன் அப்பாதான் மே மாதம் மன்னரின் கப்பல் வோல்காவில் வருகிறது என்று மெடலைக் குத்திக்கொண்டு நான்கு மணி நேரம் கரையில் நின்றார். கரைப்பக்கத்து வேலிகளுக்கு மட்டும் பச்சை அடித்திருந்தார்கள், பின்பக்கம் அழுகல்தான். கப்பல் நிற்கவே இல்லை. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மேல்தட்டுக்கு வந்தார், ஊரே தொப்பியைக் கழற்றிற்று, பாதிரியார் மணியடிக்கச் சொன்னார். வந்தவர் ஒரு வாளி கழுவின தண்ணீரை ஆற்றில் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். சமையல்காரராக இருக்கும் என்றேன். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

குளிருக்கு முன்னால் கம்பளிப் பூட்ஸுக்கு அடி தைத்துக்கொள். முட்டைக்கோஸ் சூப்பை ஆறவிட்டுக் குடிக்காதே. யாரோடும் அரசியல் பேசாதே, அதற்கு நான் ஒருத்தி போதும்.

ஐந்தாவது கடிதமும் திரும்பத்தான் போகிறது என்று நேற்று அழுதுவிட்டேன். அப்பா, ஞாயித்துக்கிழமை பொர்ஃபீரி சவ்விச் கோயிலுக்குப் போனதும் கொண்டா, நான் அடிக்கிறேன் என்றார். பென்ஷன் போயிடுமே என்றேன். போனா போகட்டும், புள்ளைக்குக் கடுதாசி போகணும் என்றார்.

மாதா உன்னைக் காக்கட்டும், நீண்ட ஆயுளோடு இரு. ஒன்றை மறக்காதே: இது உன் கைக்கு வந்திருந்தால் அப்பா அடித்துவிட்டார் என்று அர்த்தம். படித்ததும் உறையை அடுப்பில் போட்டுவிடு. போடுவதற்கு முன்னால் ஒரு முறை பார்த்துக்கொள், சரியாக மூக்கின் மேலேயே விழுந்திருக்கும்.

உன் அம்மா,
அக்ரிப்பினா