உன் குரலில் இன்னொருத்தி

என் காதோரம் கறுப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது என்று இன்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். உன் ஹெட்போன்தான். மெத்தை உரிந்து உதிர்கிறது. புதிதாக ஒன்று கொடுத்திருக்கிறார்கள், அது மேசையில் கிடக்கிறது. உன்னுடையதை மாட்டினால் முதலில் பழைய வியர்வை வாசம் வரும், அதன்பின் பயம் வரும். தொலைக்காட்சியில் செய்தி சொல்லியே பிழைப்பு நடத்துகிறேன், இன்னும் அந்தப் பயம் போகவில்லையடி.

கல்லூரிக் கடைசி ஆண்டில் இரண்டிரண்டு பேராக ஒரு செய்தித் தொகுப்பு எடுத்துவரச் சொன்னார்கள். மற்றவர்கள் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டையும் மூங்கில்துறைப்பட்டுக் கரும்பு டிராக்டர்களையும் எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். நீதான் கல்வராயன் மலைக்குப் போவோம் என்றாய். மைக் எனக்கு, கேமரா உனக்கு. நீ ஒருநாளும் கேமராவுக்கு முன்னால் வந்தவள் இல்லை. "இந்த மூஞ்சிய யாரு பாக்கறது" என்று நழுவிவிடுவாய்.

மலையில் ஒரு பெண்ணைப் பார்த்தோம். அவள் புருஷனை மிளகுத் தோட்ட வேலை என்று, கூலிக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி ஒருவர் கேரளாவுக்கு ஏற்றிப் போயிருந்தார். பொங்கலுக்கு வரவேண்டியவர் சித்திரை பிறந்தும் வரவில்லை. முகம் காட்டாவிட்டால் பேசுகிறேன் என்றாள். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி வாசல் வெளிச்சம் முதுகுப் பக்கம் விழ உட்காரவைத்தோம். திரையில் வெறும் நிழல்தான் தெரிந்தது. நமக்கு என்ன ஒரு பெருமை!

நான் கேள்வி கேட்கும்போது ஹெட்போனோடு நீ என்னை முறைத்தாய். "மைக்க ரெண்டு கையாலயும் புடிடி. நீ பயப்படறது எனக்குக் காதுல கேக்குது."

திரும்பும்போது டீக்கடையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். கேமராவை மடியில் வைத்து, ஒலி சரியாக விழுந்திருக்கிறதா என்று நீ கேட்டுக்கொண்டிருந்தாய். பக்கத்து பெஞ்சில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் அவரை "மேஸ்திரி" என்று கூப்பிட்டது என் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. பஸ் ஹாரன் கேட்டதும் நீ சட்டென்று எழுந்தாய். ஹெட்போன் ஒயர் பெஞ்சில் மாட்டிப் பிடுங்கிக்கொண்டது. அவளுடைய குரல் கேமராவின் ஸ்பீக்கர் வழியாகக் கடைக்குள் கொட்டியது.

"மேஸ்திரிய கேட்டா, வாயத் தொறந்தா உனக்கு நல்லதில்லன்றாரு..."

நீ அமுக்கிவிட்டாய். ஆனால் டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் திரும்பாமலே கேட்டார். "இன்னா, நம்ம மேலாண்ட வூட்டுப் பொண்ணு கொரலாட்டம் கீது?"

ஊரே அறிந்த குரலை வைத்துக்கொண்டு முகத்தை மறைத்து என்ன பயன் என்று அந்த நொடியில்தான் புரிந்தது. நீ சிரித்தாய். எப்படிச் சிரித்தாயோ!

"இல்லீங்கண்ணா, எங்க சித்தி. நைனார்பாளையம். காலேஜுல குடுத்த வேலைக்கு நடிச்சிக் குடுத்தாங்க."

கடைக்காரர் திரும்பி நம்மைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். "அட, ஆமா. அது கொரலு இன்னும் கீச்சுனு இருக்கும்" என்று சொல்லிவிட்டு வேகமாக டீயை ஆற்றினார். அந்த மனிதரை நான் இன்றும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

மேஸ்திரி கிளாஸை வைத்தார். "நல்லா நடிக்கறாங்களே உங்க சித்தி" என்றார்.

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே அவருடைய பைக் வந்தது. என் மணிக்கட்டில் உன் நகம் பதிந்தது. அடிவாரம் வந்ததும் பைக் நின்றது. திரும்பி மலை ஏறியது. அதுவரை நமக்காகப் பயந்துகொண்டிருந்தோம். அப்புறம்தான் உண்மையான பயம் வந்தது. அவளிடம் போன்கூடக் கிடையாது.

மறுநாள் முதல் பஸ்ஸில் கேமரா இல்லாமல் போனோம். அவள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். உயிரே வந்தது. அவள் முறத்தை நிறுத்தவில்லை.

"வந்து கேட்டாரு. எங்க வூட்டுக்கு யாரும் வரலன்னேன். போயிட்டாரு, மறுபடி வருவாரு. சேதிய சொல்லுங்கம்மா, என் வூட்டுக்காரு வரணும். என் கொரல மட்டும் வெளிய வுட்டுடாதீங்க."

குரலை மாற்ற கம்ப்யூட்டரில் என்னென்னவோ செய்து பார்த்தோம். பேய் பேசுவதுபோல் ஆனது. அப்போதும் அவள் இழுத்துப் பேசும் அழகு அப்படியே தெரிந்தது. கடைசியில் நீ அறைக் கதவைச் சாத்தினாய், எதிரொலி வராமல் இருக்கத் தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டாய், அவள் சொன்னதையெல்லாம் நீயே பேசினாய். ஹெட்போன் அன்று என் தலையில் இருந்தது. நீ நடிக்கவில்லை என்று எனக்குக் கேட்டது.

அவளுடைய குரல் இருந்த பதிவை அன்றே அழித்தோம். தொகுப்பு உன் குரலோடுதான் வெளியே போனது. மழைக்காலத்தில் அவள் புருஷன் இளைத்துத் துரும்பாக வீடு வந்து சேர்ந்தார் என்று டீக்கடைக்காரர் சொன்னார். நம்மால்தானா என்று தெரியாது. அவளை யாரும் எதுவும் செய்யவில்லை என்பது எனக்குப் போதுமாக இருந்தது.

அடுத்த வருடம் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. திருக்கோவிலூரில் காரியம் முடிந்து கிளம்பும்போது உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம் பொண்ணு பேசினது எதனா வெச்சிக்கினு கீறியாம்மா? ஒரு தபா கேக்கணும்."

எல்லாவற்றையும் தேடினேன். எங்கு பார்த்தாலும் என் முகம், என் குரல். நீ கேமராவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாய், பாவி. உன் குரல் இருப்பது அந்தப் போர்வைக்குள் மட்டும்தான்.

அதை உன் அம்மாவிடம் இன்னும் கொடுக்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். தேடுகிறேன் அம்மா என்கிறேன். அந்தப் பதிவின் கடைசி வரி உனக்குத் தெரியுமே, அதைப் பெற்றவள் காதில் எப்படிப் போடுவேன்?

ஆபத்தான செய்திக்குக் கிளம்பும் நாளில் நான் மட்டும் கேட்கிறேன். முதலில் ஒயரை அழுத்திச் செருகுகிறேன். ஒருமுறை இழுத்துப் பார்க்கிறேன். உன் ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன்.

"நான் பேசினேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்கு பயமா கீது" என்று முடிக்கிறாய்.

எனக்கும்தானடி. கேட்கிறதா?