பொருள்: மலர்விழியின் முகம் குறித்து

திண்டிவனம்,
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை.

என் மனைவி அன்புச்செல்விக்கு விருத்தாசலம் எழுதிக்கொள்வது.

மலருக்குத் தோல் டாக்டரம்மா கொடுத்த மருந்தை நடுவில் நிறுத்தியது நீ. விழுப்புரத்தில் உன் அண்ணி கடையில் கேட்டு வாங்கி வந்த டியூபை அவள் கையில் கொடுத்ததும் நீ. நம் பெண்ணின் முகம் இன்று அனல் பட்டதுபோல் இருப்பதற்கு இந்த இரண்டும்தான் காரணம். முதலில் இதைச் சொல்லிவிட்டேன். இனி, இங்கு நான் நலம். அங்கு உங்கள் இருவர் நலமும் அறிய வேண்டும்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்கு பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இதற்குப் போய்க் கடிதமா என்று நினைப்பாய். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. உன் அண்ணன் பெரியசாமிதான் எடுக்கிறார். "இன்னா மாப்ள, அது குளிச்சிக்கினு கீதே" என்கிறார். காலையில் கூப்பிட்டாலும் குளிக்கிறாய், மதியம் கூப்பிட்டாலும் குளிக்கிறாய். விழுப்புரத்தில் அவ்வளவு தண்ணீரா விடுகிறார்கள்? ஆகவே எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் என்றாலும் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிறவன். சொந்த வீட்டு விஷயத்துக்கு இப்போதுதான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை ஒரு அம்மாவின் பட்டா விஷயமாக விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கு வந்திருந்தேன். வேலை முடிந்து பஸ் நிலையத்தில் நின்றபோது, துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய ஒரு பெண் நிழலை ஒட்டியே நடந்து போனாள். இடது செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிற நடை. கூப்பிட்டேன். நின்றாள். "நீ இன்னாப்பா இங்க?" என்றாள். முகத்தைக் காட்டச் சொன்னேன். "வேணாம்ப்பா, வெயில் பட்டா எரியுது" என்றாள். டீக்கடைக்குள் கூட்டிப்போய், விசிறி ஓடாததால் யாரும் உட்காராத மூலையில் உட்கார வைத்தேன். அங்கே துப்பட்டாவை இறக்கினாள்.

கன்னம் இரண்டும் செக்கச்செவேல் என்றிருந்தது. தோல் வெங்காயச் சருகுபோல் மெலிந்து, உள்ளே ஓடுகிற சிவப்பு நரம்பு இழைஇழையாகத் தெரிகிறது. தாடையில் முன்பு இல்லாத பொடிப்பருக்கள். காதோரம் புதிதாக முடி. உன் அண்ணன் மகள் புனிதாவின் கலியாணப் போட்டோவில் மலரைப் பார்த்து, பளிங்குபோல் ஆகிவிட்டாள் என்று உறவெல்லாம் எழுதினார்களே, அந்த முகம்தான் இது. நானும் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போதே எனக்குச் சந்தேகம். பரு அவ்வளவு அவசரமாகப் போகிற சாமான் இல்லை.

"அத்தை வாங்கினு வந்துச்சு, அம்மா குடுத்துச்சு. போட்டா அடங்குது. ரெண்டு நாள் போடலன்னா கொதிக்குது. அதனால போட்டுக்கினே இருக்கேன்" என்றாள். டியூபைக் கேட்டேன். கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மனு வேலைக்காகப் பையில் வைத்திருக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துப் படித்தேன். மூன்று மருந்து கலந்தது. அதில் ஒன்று ஸ்டீராய்டு. பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு நிமிர்ந்தேன். அதற்குள் அவள், "திட்டாதப்பா, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள்.

நான் வாயே திறக்கவில்லை, அன்புச்செல்வி.

அவள் முகத்தை மறுபடி சுற்றிக்கொண்டு டவுன் பஸ் ஏறிவிட்டாள். இரண்டு டீ சொல்லியிருந்தேன். இரண்டையும் நானே குடித்தேன்.

நடந்ததை நீ மாற்றி மாற்றிச் சொல்கிறாய் என்று கேள்விப்படுகிறேன். ஆகவே எழுதி வைக்கிறேன். மலருக்கு டிகிரி முடிந்த வருஷம் பரு கிளம்பியது. நீ சொன்ன சந்தனம், உன் அண்ணி சொன்ன வேப்பிலை எல்லாம் பார்த்தாயிற்று. மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தோல் டாக்டரம்மாவிடம் மூன்று பேரும் சேர்ந்தே போனோம். ஜெல் எழுதிக் கொடுத்தார். "முகம் முழுசுக்கும் ஒரு பட்டாணி அளவுதான். மஞ்சள் பூசுற மாதிரி அள்ளி அப்பாதீங்கம்மா" என்று உன்னைப் பார்த்துத்தான் சொன்னார். நீ சிரித்தாய். முகம் கழுவி, ஈரம் காய்ந்த பிறகு தடவ வேண்டும். கண்ணோரம், உதட்டோரம் படக் கூடாது. வறட்சிக்கு ஒரு கிரீம், பகலில் வெளியே போனால் சன்ஸ்கிரீன். முதல் சில வாரம் பரு கூடும், தோல் காயும், உரியும், பயப்பட வேண்டாம், பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும் என்றார். இதெல்லாம் உன் காதிலும்தான் விழுந்தது.

சொன்னபடியே உரிந்தது. நீ என்ன செய்தாய்? உரிகிற தோலில் பயத்தமாவைப் போட்டுத் தேய்த்தாய். பெண் அலறினாள். அது மருந்தின் குற்றமா, மாவின் குற்றமா? பொறுத்துக்கொள் என்று நான் சொன்னதை மட்டும் பெரிய கொடுமையாகப் பேசுகிறாய்.

கண்ணாடி விஷயமும் அப்படித்தான். கிள்ளாதே, கிள்ளினால் வடுவாகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவளோ எழுந்ததிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று நகத்தால் நோண்டிக்கொண்டே இருந்தாள். வாயால் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. ஆகவே திருப்புளியை எடுத்து, சுவரிலிருந்து கண்ணாடியைக் கழற்றிப் பரணில் போட்டேன். காரணத்தோடு செய்த காரியம். "என் மூஞ்ச நானே பாக்கக் கூடாத அளவுக்கு ஆயிடுச்சாப்பா?" என்று கேட்டாள். நான் ஸ்டூலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். திருப்புளியைப் பெட்டியில் வைத்தேன். கலியாணத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போதே, மறுநாள், புனிதா கலியாண வேலை என்று இரண்டு பேரும் பெட்டியோடு கிளம்பினீர்கள். வைகாசியில் புனிதா கலியாணம் முடிந்து மறுவீடும் வந்து போய்விட்டாள். நீங்கள்தான் வரவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவைப் பார்த்தேன். நான் எழுதிய தாளைப் படித்துவிட்டு, "இது பருவுக்குப் போடுற மருந்தே இல்லீங்க. முதல்ல பளபளன்னு காட்டும், அப்புறம் தோலையே மெலிசாக்கிடும். வாரத்துக்கு நாலு பேர் இப்படி வர்றாங்க" என்றார். உடனே நிறுத்தச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "நீங்களா எதுவும் செய்யாதீங்க. விட்டவுடனே இன்னும் கொதிக்கும், பயந்து திரும்பப் போட்டுடுவாங்க. பொண்ணக் கூட்டினு வாங்க. முகத்தப் பாத்துத்தான் எப்படி நிறுத்தணும்னு சொல்லுவேன்" என்றார். சரியாகுமா என்றேன். ஆகும், மாதக்கணக்கில் பொறுமை வேண்டும், தள்ளிப்போடத் தள்ளிப்போடக் கஷ்டம் என்றார்.

பிறகு, பழைய ஜெல்லுக்கு என்ன ஆனது, அதை ஏன் விட்டாள் என்று கேட்டார். உரிந்தது, எரிந்தது என்றேன். "ஒருநாள் விட்டு ஒருநாள்தானே போடச் சொன்னேன்? ரொம்ப உரிஞ்சா ரெண்டு நாள் விட்டுட்டு ஆரம்பிங்கன்னும் சொன்னேனே?" என்றார். பெட்டிக்குள் இருந்த தாளில் தினமும் இரவில் என்று அச்சடித்திருந்ததை நான் படித்திருக்கிறேன். அதன்படிதான் தினமும் என் கண் முன்னால் போட வைத்தேன். தாளும் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்து, விரித்துக் காட்டினேன். டாக்டரம்மா அதைப் பார்த்தார். "தாளு ஊருக்கெல்லாம் பொதுவா அடிச்சதுங்க. நான் சொன்னது உங்க பொண்ணுக்கு" என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்தார்.

தாளில் அப்படித்தான் இருக்கிறது. வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன், படித்துப் பார்.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு ஜெசிந்தா சில நாள் குழம்பு கொடுக்கிறது. உப்பு குறைவு. சொல்லவில்லை. மலரின் ஸ்கூட்டியை எனக்கு ஓட்டத் தெரியாது. சும்மா நின்றால் பேட்டரி போய்விடும் என்பதால் காலையில் ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துகிறேன். சத்தம் கேட்டு ஜெசிந்தா, "மலரு வந்துட்டாளாண்ணே?" என்று ஒருநாள் ஓடி வந்துவிட்டது. இப்போது வருவதில்லை. தெரிந்துவிட்டது. மல்லாட்டையை உடைத்து, கடலையை வறுத்து டப்பாவில் வைத்திருக்கிறேன். நமுத்துப்போகும் முன் தின்ன ஆள் வேண்டும். வீட்டில் சத்தம் போட ஆள் இல்லாததால் எனக்குத் தொண்டை சரியாக இருக்கிறது. டீச்சர் மாதிரி கத்துகிறேன் என்பாயே, அந்தத் தொண்டை.

இனிச் செய்ய வேண்டியவை.

உன் அண்ணி, அந்த டியூபை எந்தக் கடையில், யார் சொல்லி வாங்கினார் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதித் தர வேண்டும். டாக்டரம்மா கேட்டார். மேற்கொண்டு யாருக்கும் வாங்கிக் கொடுக்கக் கூடாது. புனிதாவுக்கும்தான்.

பெரியசாமி மச்சான், நான் போன் செய்தால் உன்னைக் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும். குளித்தால் ஈரத்தோடு பேசு.

மலர் வெயிலில் அலையக் கூடாது. மாவு, மஞ்சள், எலுமிச்சை எதுவும் முகத்தில் படக் கூடாது. டியூபைத் தானாகக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. டாக்டரம்மாவைப் பார்க்கும்போது அதைக் கையில் கொண்டுவர வேண்டும். ஒளிக்க ஒன்றும் இல்லை. யாரும் திட்டமாட்டார்கள்.

நீ, புதன்கிழமை காலை அவளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். டோக்கன் போட்டுவிட்டேன், மலர்விழி என்ற பெயரில். டாக்டரம்மா சொல்வதை நீ கேட்டு வைத்துக்கொள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். முகம் தேறி, பழைய ஜெல்லை மறுபடி ஆரம்பிக்கச் சொன்னால் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். அவர் வாயால் சொன்னபடி. போட்டாளா இல்லையா என்று யாரும் எதிரே நின்று பார்க்க வேண்டியதில்லை. வந்துவிட்டு அன்றே விழுப்புரம் திரும்புவதானாலும் சரி. பகல் சாப்பாடு வீட்டில் இருக்கும்.

நான் செய்ய வேண்டியது, கண்ணாடியைத் திரும்ப மாட்டுவது. மாட்டிவிட்டேன். பழைய ஓட்டை பெரிதாகிவிட்டதால் கொஞ்சம் கீழே புதிதாகத் துளை போட வேண்டியிருந்தது. ஜெசிந்தா மலர் உயரம்தான். அதை நிற்க வைத்து அளவு எடுத்தேன். "கழட்டறப்ப யார அளவெடுத்தீங்கண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போயிற்று. இப்போது கண்ணாடி மலரின் முகத்துக்கு நேராக இருக்கிறது. நான் நின்றால் கழுத்தும் சட்டைப் பொத்தானும்தான் தெரிகிறது. அது போதும்.

என் பங்கு முடிந்தது. மற்றவை உங்கள் கையில் இருக்கின்றன.

குழந்தை நன்றாக இருக்கட்டும். நீயும்.

விருத்தாசலம்