வெள்ளிக்கிழமை நாலாம் பாடம்

தெல்லிப்பழை
03.06.2025

அன்பின் மக்டலீன் அக்கா,

"அந்தப் பிள்ளை கீறட்டும், சேர்" என்று இன்று நான் சொல்லவில்லை.

உங்கள் விடுதியில் கைபேசி எடுபடாது என்பதால் எழுதுகிறேன். எடுபட்டாலும் இதை வாயால் சொல்லியிருக்க மாட்டேன்.

இருபத்தைந்தாம் திகதி வலயக் கல்விக் கந்தோரிலிருந்து மதிப்பீட்டுக்கு வருகிறார்கள். பிள்ளைகளின் முழு ஆளுமை விருத்திக்கு என்று படங்கள் ஒட்டிய ஒரு கோவை வேண்டுமாம். எங்கள் எட்டாம் வகுப்பை மைதானத்தில் இறக்கி, நாலு பேரிடம் வலைப்பந்தும் ஒருவரிடம் மிருதங்கமும் கொடுத்துப் படம் எடுத்தோம். பத்து நிமிடம். பிறகு எல்லோரும் கணிதத்துக்கு. நீங்கள் மாற்றலாகிப் போனதிலிருந்து உங்கள் சித்திரப் பாடமாக இருந்த வெள்ளிக்கிழமை நாலாம் பாடமும் கணிதந்தான்.

நீங்கள் விட்டுப்போன தூரிகை அருந்ததியின் கைக்குப் போனது. வகுப்பில் வாயே திறக்காத அருந்ததி. அவள் நிறத்தைத் தொட்டுக் கீறத் தொடங்கிவிட்டாள்.

"பிள்ளை, உண்மையாக் கீற வேண்டாம். சும்மா பிடிச்சுக்கொண்டு நில்லும்" என்றார் அதிபர். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் தூரிகையை உயர்த்திப் பிடித்தபடி நின்றாள்.

என்னோடு அறையில் இருந்த உதயகலா கலியாணமாகிப் போய்விட்டாள். அவளுடைய கட்டிலில் இப்போது என் புத்தகங்கள் படுத்திருக்கின்றன.

அன்புடன்,
தர்சினி

முல்லைத்தீவு
11.06.2025

அன்புத் தங்கச்சி,

தூரிகையைக் கழுவி வைத்தாயா? வைத்திருக்க மாட்டாய்.

உன்னை ஏசவில்லை. ஒரு சங்கதி மட்டும். திரும்பி வர விண்ணப்பம் போட்டிருந்தேன் அல்லவா? கந்தோரில் சொல்கிறார்கள்: "உங்கடை பழைய பள்ளிக்கூடத்திலை சித்திரத்துக்கு வெற்றிடம் எண்டு ஒருத்தரும் அறிவிக்கேல்லை ரீச்சர். பாடம் ஒழுங்கா நடக்குதாம்."

மதிப்பீட்டுக்கு வருகிறவர்களிடம் ஒருவர் உள்ளதைச் சொன்னால் போதும். அதிபர் சொல்ல மாட்டார். வகுப்பாசிரியை நீ.

அரியாலையில் என் சின்னவள் வாரநாளில் என்னைத் தேடுவதை விட்டுவிட்டாளாம். இவர் அதை நல்ல செய்தியாகச் சொல்கிறார்.

உன்னை நம்பி,
மக்டலீன்

தெல்லிப்பழை
27.06.2025

அன்பின் அக்கா,

புதன்கிழமை வந்தார்கள். ஒரு அம்மா கோவையைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். படத்தைக் கொண்டு வகுப்பில் அருந்ததியைக் கண்டுபிடித்தார்.

"இது நீரோ? வெள்ளிக்கிழமையிலை என்ன கீறுவீர்?"

அருந்ததி எழுந்தாள். "நாங்கள் கீறுறேல்லை, மிஸ். படத்துக்குத்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

இந்த வருடம் வகுப்பில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஓமோ, ரீச்சர்?"

வாசலில் அதிபர் நின்றார். ஒரு கிழமையாக அறைக்குள் நின்று சொல்லிப் பார்த்த வசனம் என்னிடம் இருந்தது.

"பிள்ளைக்குக் கூச்சம், மிஸ்" என்றேன். "பாடம் நடக்குது."

அருந்ததி கதிரையில் இருந்துவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. நான் பயந்தேன் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் தேடிப் பார்த்தேன்; இல்லை.

ஏசி எழுதுங்கள், அக்கா. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

தர்சினி

தெல்லிப்பழை
25.07.2025

அக்கா,

என் கடிதம் தபாலில் தவறியிருக்கும் என்று நினைக்கப் பார்த்தேன். ஆனால் அதைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தேன். கடிதம் கிடைத்ததென்று உங்கள் கையெழுத்தோடு அட்டை திரும்பி வந்துவிட்டது.

கோவைக்கு "மிக நன்று" கிடைத்தது. இங்கே சித்திர ஆசிரியர் தேவையில்லை என்று வலயத்திலிருந்து எழுதிவிட்டார்கள். உங்களுக்கும் அறிவித்திருப்பார்கள்.

திங்கட்கிழமை அருந்ததியின் தகப்பன் வந்து அவளை மற்ற வகுப்புக்கு மாற்றக் கேட்டார். படிவத்தில் காரணம் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். நான் கையெழுத்து வைத்தேன்.

தர்சினி