எட்டாவது படித்தவளின் கைநாட்டு

இன்று காலை கடைக்குப் புதிதாக ஒரு ஸ்டாம்ப் பேடு வாங்கினேன். மூடியைத் திறந்ததும் ஊதா மையின் வாசனை குப்பென்று வந்தது. கடையில் ஆளில்லை. கட்டைவிரலை அதில் அழுத்தி, பாழாய்ப்போன ஒரு ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் வைத்துப் பார்த்தேன். ஒரு நொடி வேலை. இந்த ஒரு நொடி வேலையைச் செய்ய உன்னை விடவில்லை, பாவிகள். அதில் முதல் பாவி நான்.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. ஆரம்பத்தில் அழுகையாக வந்தது. இப்போது அழுகை வற்றிவிட்டது, கோபம் மட்டும் கிடக்கிறது. பம்மல் மெயின் ரோட்டில் இந்தக் கடையைப் போட்ட நாளிலிருந்து ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிறவள் நான். உயர்திரு, பொருள், பார்வை என்று எழுதி எழுதிப் பழகிய கை. உனக்கு எழுதும்போது அதெல்லாம் வேண்டாம். நீ இதைப் படிக்கப் போவதில்லை. உயிரோடு இருந்திருந்தாலும் நான்தான் படித்துக் காட்டியிருப்பேன்.

உன் வீட்டுக்காரர் மௌத்தாகி, நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்கிற இத்தா முடிந்து நீ வெளியே வந்தது என் கடைக்குத்தான். ஆதரவற்ற விதவைகள் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட வேண்டும். பெயர், வயது, முகவரி எதையும் நான் உன்னைக் கேட்கவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். மளமளவென்று எழுதிக்கொண்டே வந்து, 'கல்வித் தகுதி' என்ற கட்டத்தில் நின்றேன். நீ துப்பட்டா நுனியைத் திருகினாய்.

"ஒண்ணும் இல்லன்னு போட்டுரு சீலி. கைநாட்டு வெச்சிட்டுப் போறேன். எதுக்கு பேஜாரு?"

எனக்குச் சுருக்கென்று தைத்தது. நம் ஊரில் கைநாட்டு என்பது விரல் அடையாளம் மட்டுமா? அது ஒரு வசவு. ஒருவரை மட்டம் தட்ட வேண்டுமென்றால் 'அது கைநாட்டு கேஸ்' என்று சொன்னால் போதும். என் சிநேகிதியை எவனும் அப்படிச் சொல்லிவிடக் கூடாது என்று எனக்கு ரோஷம். "எட்டாவது வரைக்கும் என் பக்கத்துல ஒக்காந்தவ கைநாட்டு வெப்பியா? சும்மா இரு" என்று அதட்டிவிட்டு, அந்தக் கட்டத்தில் 'எட்டாம் வகுப்பு' என்று குண்டு குண்டாக எழுதினேன். அது பொய்யும் இல்லை. பள்ளிக்கூடம் உன்னை வருஷா வருஷம் மேல் வகுப்புக்குத் தள்ளிவிட்டுக்கொண்டேதான் இருந்தது. மாற்றுச் சான்றிதழிலும் அப்படித்தான் இருக்கிறது. உனக்கு ஓர் எழுத்தும் பிடிபடவில்லை என்பதை மட்டும் எவரும் எந்தக் காகிதத்திலும் எழுதி வைக்கவில்லை.

அப்புறம் பத்து நாள் உன்னைக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார வைத்துக் கையெழுத்துப் பழக்கினேன். உன் பெயரில் நாலே எழுத்து. நீ எழுதவில்லை, மருதாணி வைக்கிற மாதிரி வளைவு வளைவாக வரைந்தாய். ஒருநாள் சுழி இந்தப் பக்கம் இருக்கும், மறுநாள் அந்தப் பக்கம். மூன்றாம் எழுத்து திடீரென்று இரண்டாம் எழுத்துக்கு முன்னால் போய் நிற்கும். "நேத்து கரெக்டா தானடி போட்டே?" என்று கத்துவேன். "எனக்கு இன்னா தெரியும்? அது ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது" என்பாய். நீ சாக்குச் சொல்கிறாய் என்றே நினைத்தேன். பத்தாம் நாள் ஏதோ ஒன்று சரியாக விழுந்தது. அதையே விண்ணப்பத்தில் போட வைத்து அனுப்பினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உன்னை மண்டு என்றவர்கள் யாரும் உன் வேலையைப் பார்த்ததில்லை. தோல் கையுறை தைக்கும் பட்டறையில் ஜோடி சேர்க்கிற வேலை உன்னுடையது. குவியலுக்குள் கையை விட்டுக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவாய். இடது கைக்கும் வலது கைக்கும் ஒரே கனத்தில், ஒரே மென்மையில் துண்டுகள் வந்து விழும். சந்தேகப்பட்டுக் கருவி வைத்து அளந்து பார்த்த சூப்பர்வைசர் அதற்கப்புறம் உன் பக்கமே வரவில்லை. உன் போனில் பெயர்கள் கிடையாது, படங்கள்தான். மகளுக்கு மாம்பழம், மளிகைக் கடைக்குத் தக்காளி, எனக்கு ஜெராக்ஸ் மெஷின். தாம்பரத்தில் நிற்கும் பஸ்களில் எது நம் பக்கம் வரும் என்பதை ஏறுகிற ஆட்களின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாய். இவ்வளவு ஏற்பாட்டையும் யார் உதவியும் இல்லாமல் செய்துகொண்டவளுக்கு மூளை இல்லையாம்!

இரண்டு வருஷம் உதவித்தொகை ஒழுங்காக வந்தது. பிறகு சரிபார்ப்புக்கு நேரில் வரச் சொன்னார்கள். எந்த ஆபீஸ் என்று எழுத மாட்டேன். அந்த மரியாதை எதற்கு? முதலில் மெஷினில் விரலை வைக்கச் சொன்னார்கள். ரேகை விழவில்லை. இருபது வருஷம் தோலும் மருந்துத் தண்ணீரும் தின்ற விரலில் ரேகை எங்கே இருக்கும்? சரி, கையெழுத்துப் போடு என்றார் அங்கிருந்த எழுத்தர். போட்டாய். அவர் பழைய விண்ணப்பத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"என்னம்மா, அதுல ஒரு மாதிரி இருக்கு, இதுல ஒரு மாதிரி இருக்கு. நீதானா அந்த ஆளு?"

"நான்தான் சார். எனக்கு எழுத வராது சார். மையில கைநாட்டு வெச்சிடறேன் சார்."

"எட்டாவது படிச்சிருக்கேன்னு எழுதியிருக்கே. படிச்சவ எதுக்குக் கைநாட்டு வெக்கணும்? யாரை ஏமாத்தப் பாக்கற?"

மை டப்பா அவர் மேஜைமேலேயே இருந்ததாம், நீ சொன்னாய். அதை உன் பக்கம் நகர்த்தியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவர் பேனாவை எடுத்தார். 'கையொப்பம் மாறுபடுகிறது. ஆள்மாறாட்டம் என ஐயம்.' அவ்வளவுதான், உதவித்தொகை நின்றது.

அதைச் சொல்லி வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாய். வாசித்தேன்.

"ஆள்மாறாட்டம்னா இன்னா சீலி?"

ஒருத்தர் பேரில் இன்னொருத்தர் போய் நிற்பது என்று விளக்கினேன். நீ கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தாய். பிறகு கேட்டாய்: "அப்ப நான் யாருன்றாங்க?"

நீ கையெழுத்துப் பழகிய தாள்களை நான் தூக்கிப் போடாமல் ஒரு மூலையில் வைத்திருந்தேன். கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் டீச்சரம்மா ஒருவர் நகல் எடுக்க வந்தபோது அவற்றைப் பார்த்துவிட்டார். எந்தக் குழந்தை எழுதியது என்று கேட்டார். என் வயசுப் பெண் என்றதும், எடுத்த நகல்களை அப்படியே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இது சோம்பேறித்தனமும் இல்லைங்க, புத்திக் குறைவும் இல்ல. கற்றல் குறைபாடு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துலயே இதைச் சேர்த்திருக்காங்க. அவங்களுக்கு ஏத்த மாதிரி ஆபீஸ்ல வசதி செஞ்சு குடுக்கணும்னு அதுல இருக்கு."

அன்றைக்கே அந்தச் சட்டத்தை அச்செடுத்து உனக்குப் படித்துக் காட்டினேன். குறைபாடுகளின் பட்டியலில் அந்த வரி வந்ததும், "இன்னொரு தபா படி" என்றாய். படித்தேன். அப்போது உன் முகத்தில் ஏறிய வெளிச்சத்தை நினைத்தால், பின்னால் வந்தவற்றை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

சான்றிதழ் வாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த வரிசை முழுக்கப் பள்ளிச் சீருடையில் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும். நடுவில் நரைத்த தலையோடு நீ. உங்க பையன் எங்கே என்று மூன்று பேர் கேட்டார்கள். நம் முறை வந்தபோது, இரண்டே நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள்.

"இது ஸ்கூல் பசங்களுக்கும்மா. பரீட்சையில கூடுதல் டைம் குடுக்கறதுக்கு. பதினெட்டு தாண்டின பெரியவங்களுக்கு எங்ககிட்ட டெஸ்ட்டே கிடையாது. சின்ன வயசுலயே வந்திருக்கணும்."

சின்ன வயசில் எங்கே வருவது? அப்போது இந்தச் சட்டமும் இல்லை, டெஸ்ட்டும் இல்லை. பிரம்பு மட்டும் இருந்தது. சட்டம் வந்தபோது உனக்கு வயசாகிவிட்டது. பதினெட்டு முடிந்தால் பையன்களுக்கு மீசை முளைக்கும், எழுத்துமா முளைக்கும்? கண் தெரியாத ஒருவர் போய் நின்றால் 'சின்ன வயசிலேயே வந்திருக்கணும்' என்று சொல்லத் துணிவார்களா? பரீட்சை எழுதுகிறவனுக்கு மட்டும் குறைபாடு உண்டாம். பாரம் நிரப்புகிறவளுக்கு, பாங்கில் சலான் எழுதுகிறவளுக்கு, சர்க்காரிடம் 'நான் நான்தான்' என்று நிரூபிக்க வேண்டியவளுக்குக் கிடையாதாம்.

உள்ளே இருந்த ஓர் இளம் பெண் மட்டும் வராண்டாவரை நம் பின்னால் வந்தாள். அங்கே பயிற்சிக்கு வந்தவள் போல. உன் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, உங்களுக்குப் படிப்பு வராததுக்கு நீங்க காரணம் இல்ல. நீங்க முட்டாள் இல்ல" என்றாள்.

"இதையே ஒரு பேப்பர்ல எழுதிக் குடு கண்ணு" என்றாய் நீ.

அவள் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். தனக்கு அந்த அதிகாரம் இல்லை என்றாள்.

சட்டத்தின் நகலையே மனுவோடு சேர்த்துக் குத்தி மறுபடி அதே எழுத்தரிடம் போனோம். சர்டிபிகேட் எங்கே என்றார். பெரியவர்களுக்குத் தர மாட்டேன் என்கிறார்கள் என்றேன். "அப்ப குறையே இல்லைன்னுதானே அர்த்தம்?" என்றார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அந்த எட்டாம் வகுப்பை எழுதியது நான், கையெழுத்துப் போட வைத்ததும் நான், தப்பு என்னுடையது என்று உடைத்துச் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அப்ப தப்பான தகவல் குடுத்திருக்கீங்க. அது தனி கேஸு, தெரியுமில்ல? நீங்க ஜெராக்ஸ் கடைதானே?"

நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய். "வா சீலி, போய்க்கினே இருக்கலாம். உன்னியும் மாட்டி வுட்ருவான்." உனக்காகச் சண்டை போட வந்தவளை நீ காப்பாற்றிக் கூட்டிக்கொண்டு வந்தாய். ஷேர் ஆட்டோவில் வழிநெடுக நான் பொருமிக்கொண்டே வந்தேன், நீ என் முதுகைத் தடவிக்கொண்டு வந்தாய்.

அடுத்த மாதம், பட்டறையிலிருந்து வந்து டீ போட்டுக் குடித்துவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். உதவித்தொகை நின்றதால்தான் நீ செத்தாய் என்று எழுதினால் அது பொய். மனுவில்கூட நான் பொய் எழுதுவதில்லை. ஆனால் ஆள்மாறாட்டக்காரி என்ற பெயரோடு செத்தாய். வாழ்நாள் முழுக்க ஒரு பைசா ஏமாற்றத் தெரியாதவள், சர்க்கார் காகிதத்தில் ஏமாற்றுக்காரியாகக் கபர்ஸ்தானுக்குப் போனாய்.

உன் மகள் கையெழுத்தில் கடைசியாக ஒரு மனு போட்டேன். பணம் கேட்கவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் கோப்பிலிருந்து நீக்கும்படி கேட்டேன். பதில் வந்தது: 'பயனாளி இறந்துவிட்டபடியால் கோப்பு முடிக்கப்பட்டது.' செத்தது நீதான் என்பதில் மட்டும் அவர்களுக்கு ஐயமே வரவில்லை.

இப்போதும் அதே கடை, அதே பாரங்கள். நேற்று பள்ளிக்கரணையிலிருந்து பெயிண்டர் ஒருவர் வந்தார். அந்தக் கட்டம் வந்ததும் உன்னைப் போலவே கீழே பார்த்தார். பேனாவை மூடி வைத்தேன். "எழுத வருமா, வராதா அண்ணா? எது உண்மையோ அதைச் சொல்லுங்க. இதுல வெக்கமே இல்ல" என்றேன். கைநாட்டு வைத்துப் போனார். இப்படி வந்தவர்களில் யாரையாவது ஆபீஸில் திருப்பி அனுப்பினால், கடையைச் சாத்திவிட்டுச் சட்டத்தின் நகலோடு நானும் கூடப் போகிறேன். இரண்டு தடவை வெளியே போகச் சொன்னார்கள். ஒரு தடவை ஜெயித்தேன். அந்த ஒன்றுகூட உனக்குப் பிறகுதான் என்பது எனக்கு ஆறவில்லை.

ஒன்றை மட்டும் இதுவரை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். ஆஸ்பத்திரி வராண்டாவில், அந்தப் பெண் உள்ளே போன பிறகு, நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"அப்ப நாலாங்கிளாஸ்ல நீ என்னிய குட்டுனதெல்லாம் இன்னாத்துக்குடி?"

கேட்டுவிட்டுச் சிரித்தாய். நான் தண்ணீர் பாட்டிலைத் திறக்கிற சாக்கில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். இன்றுவரை உனக்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் சொன்ன பிள்ளை, சொல்லத் தெரியாத பிள்ளையின் தலையில் குட்ட வேண்டும் என்பது அந்த வகுப்பின் வழக்கம். கரும்பலகையில் எழுதியதை நீ வாசிக்கத் திணறுவாய், நான் வாசிப்பேன், டீச்சர் என்னைப் பார்ப்பார். தினமும் குட்டினேன். மெதுவாகக் குட்டினால் எனக்கு அடி விழும் என்று பலமாகவே குட்டினேன். நான் வகுப்பிலேயே குள்ளம், நீ நெடுநெடுவென்று வளர்ந்தவள். எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று நீயே தலையைக் குனிந்து கொடுப்பாய்.