பின்னறை ஜன்னலை மறைத்த செடி

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. இதைத் தபாலில் போடாமல் தெரிந்த பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலை உன் கைக்கு வந்துவிடும்.

ஏன் போன் செய்யவில்லை என்று கோபிக்காதே. நம் சின்னவளைக் கட்டியவர் போன் கடைக்காரர் என்பது மறந்துவிட்டதா? அவள் போனில் எதையோ போட்டு வைத்து, யாரிடம் என்ன பேசினாள் என்று கேட்டுக் கேட்டு அடித்த மனிதர். சென்ற வருடம் என் போனையும் அவர்தான் சரிசெய்து கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேச எனக்குத் தைரியமில்லை.

ஜன்னலை மறைக்க ஒரு துணி போதாதா, தோட்டமே போடணுமா என்று போன முறை கிண்டலாக எழுதியிருந்தாய். அவளை ஒளித்து வைத்திருப்பது சாமான் போட்டு வைக்கும் பின்னறையில். அதற்குத் திடீரென்று திரை வந்தால் ஊர் சும்மா இருக்குமா? மூடியே வைத்தால் அவளுக்கு மூச்சு முட்டும். ஜன்னலுக்கு வெளியே உள்ள சந்து வழியாகத்தான் அவள் கணவர் தினமும் கடைக்குப் போய் வருகிறார். அதனால்தான் நர்சரிக்கார அம்மாவிடம் போய், ஆள் உயரம் வளரணும், காற்று மழைக்குச் சாயக்கூடாது, ஒரு பருவத்தோடு செத்துப்போகக் கூடாது என்று கேட்டேன். “மாப்பிள்ளை பாக்குற மாதிரில்ல கேக்குறீங்க” என்று சிரித்தார். மாப்பிள்ளையை இப்படிக் கேட்டுப் பார்த்திருந்தால் இந்தச் செடிக்கே வேலை இல்லை. அதன் பெயர் இன்னும் என் வாயில் நுழையவில்லை. மஞ்சளாகத் தட்டுத் தட்டாகப் பூக்கிறது. உரத்தை அள்ளிப் போட்டுச் செல்லம் கொடுக்காதீர்கள், முழங்கால் உயரத்தில் நுனியைக் கிள்ளிவிடுங்கள், அப்போதுதான் தண்டு தடிக்கும் என்றார். அப்படியே செய்தேன்.

போன வாரம் அடித்த காற்றைப் பேப்பரில் பார்த்திருப்பாய். எதிர்வீட்டுத் தகரக் கூரை பறந்து எங்கள் வாசலில் விழுந்தது. எனக்குக் கூரையைப் பற்றிக் கவலை இல்லை, செடி சாய்ந்தால் என்ன செய்வது என்றுதான் பின்னறைக்கு ஓடினேன். போய்ப் பார்த்தால் சின்னவள் ஜன்னல் கம்பி வழியாக இரண்டு கையையும் வெளியே விட்டுத் தண்டுகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். யாராவது கையைப் பார்த்தால் என்னடி ஆகும் என்று கத்தினேன். முழுக்க நனைந்துபோய் நின்றவள் சிரித்தாள், அண்ணா. எத்தனை மாதமாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து!

ஒரு செடிகூடச் சாயவில்லை. அதுவே வினையாகிவிட்டது. தெருவில் மற்ற எல்லாம் படுத்துக் கிடக்க, இது மட்டும் நிமிர்ந்து நின்றால் கண்ணில் படாமல் இருக்குமா? பால்காரர் நின்று பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள். மறைக்க வைத்ததை ஊரே வேடிக்கை பார்க்கிறது.

நேற்று அவள் கணவரும் வண்டியை நிறுத்தினார். அவள் எங்கே போனாள் என்று எங்களுக்கும் தெரியாது என்றுதான் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். “அக்கா, அவளுக்குப் பூன்னா உசிரு. அவ திரும்பி வர்றதுக்குள்ள நம்ம வீட்லயும் வெச்சிடணும். வேரோட ஒரு கொத்து குடுங்க” என்றார். மண் ஈரமாயிருக்கிறது, காய்ந்ததும் நானே தோண்டி அனுப்புகிறேன் என்று சமாளித்தேன். “நீங்க ஏன் கஷ்டப்படணும்? ஞாயித்துக்கிழமை நானே மண்வெட்டியோட வர்றேன்” என்று சொல்லிக்கொண்டே இலைகளை விலக்கி அடித்தண்டைப் பார்த்தார். அங்கிருந்து ஜன்னல் ஒரு கை தூரம். தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா? அந்த முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நானே ஒரு கொத்தைப் பெயர்த்துக் கொடுத்தாலும் அந்த இடம் ஓட்டையாகும். கொடுக்க மாட்டேன் என்றால் ஏன் என்பார்.

என் வீட்டுக்காரர், வரட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். சொல்லும்போது அவர் குரலே சரியில்லை. புகார் கொடுத்த இடத்தில் என்ன நடந்தது என்று உனக்கே தெரியும். குடும்பம் என்றால் நாலும் இருக்கும் என்று சமாதானம் பேசி அவளைக் கணவரோடேயே அனுப்பி வைத்தார்கள். இன்னொரு முறை போனால் அவள் உயிரோடு வரமாட்டாள்.

அவளுக்கு அங்கே இடம் பார்க்கிறேன், வேலை பார்க்கிறேன் என்று எழுதிக்கொண்டே இருக்கிறாய். இடம் வேண்டாம். உன் அறையில் பாய் விரிக்க ஒரு மூலை போதும். சனிக்கிழமைக்குள் ஒரு வண்டி பிடித்துக்கொண்டு வா. முடியாது என்றால் அதற்குக் காரணம் எழுதாதே, வந்து நேரில் சொல்.

செடி கேட்டு அவர் பேசியதை எல்லாம் அவள் ஜன்னலுக்கு அடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. நேற்றிலிருந்து செருப்பைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். படுக்கும்போதும் காலில் செருப்பு.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

உன்னையே நம்பியிருக்கும்,
தங்கை