பதினேழாம் நோன்புக் கஞ்சி

02.02.2025, ஞாயிறு

வீட்டுப் பின்வளவு கூட்டப் போனேன். கஞ்சி காய்ச்சும் மூன்று பெரிய அடுப்புக்கற்களையும் மாவிலை பாதி மூடியிருந்தது. அதைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரமோ. இவர் வந்து, "நிண்ட நிலையில கனவு காணுற பொஞ்சாதி இந்த மருதமுனையில எனக்கு மட்டுந்தான்" என்று சிரித்தார்.

வாப்பா மௌத்தாகி, எங்களை விட்டுப் போய் ஒன்பது மாதம். நோன்பு வர இன்னும் ஒரு மாதம். பதினேழாம் நோன்பு எங்கள் குடும்பத்தின் கஞ்சி நாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, அன்றைக்குப் பள்ளிவாசலில் எல்லோரும் எங்கள் கஞ்சியில்தான் நோன்பு திறப்பார்கள்.

வாப்பா இந்த வீட்டை எனக்குச் சீதனமாகத் தந்தார். மாவடிப்பள்ளி வயலை என் மூத்த சகோதரர் காக்காவுக்குக் கொடுத்தார். கஞ்சி யாருக்கு என்று மட்டும் சொல்லவில்லை. அரிசி அங்கிருந்து வர வேண்டும், அடுப்பு இங்கே எரிய வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்திருந்தவர் அவர்தான்.

11.02.2025, செவ்வாய்

காக்கா இன்னும் வரவில்லை. நான் போனில் கோல் எடுத்தால் அரிசியைக் கேட்பதுபோல் ஆகிவிடாதா? மூத்தவர் அவர். அவரே கதைக்கட்டும்.

26.02.2025, புதன்

மகள் நஜ்லா ஓதிவிட்டு வந்தாள். "உம்மா, பள்ளியில கஞ்சிப் பட்டியல் ஒட்டியிருக்கு. பதினேழுல நம்மட பேர் இல்ல. பாத்தும்மா எண்டு கிடக்கு."

பாத்தும்மாவா? அடுத்த ஒழுங்கையில் இடியப்பம் அவித்து விற்கும் பாத்தும்மா? ஒவ்வொரு வருடமும் எங்கள் கஞ்சிக்கு முதல் ஆளாகத் தூக்குச்சட்டியோடு நிற்பவளா? யாரக் கேட்டு எழுதின? வாப்பாட நாள் அது! யார் குடுத்த?

எனக்குப் பொறாமை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

27.02.2025, வியாழன்

காக்கா வீட்டுக்குப் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே கதைத்தார்.

"பள்ளியில பாங்கு சொல்ற மோதினார் வந்து கேட்டவர். இந்த வருஷம் எங்களால ஏலாதெண்டு நான்தான் சொன்ன. வெள்ளம் குடிச்ச வயல் புள்ள. வீட்டுக்கே நெல் காணாது. வெறுங்கையோட உன்ட வாசலுக்கு எப்பிடி வாற?"

"நான் அரிசி வாங்கியிருப்பனே காக்கா."

"அதுக்குத்தான் சொல்லல்ல. காப்பக் கழட்டி வித்தெண்டாலும் செய்வாய். உன்னை எனக்குத் தெரியாதா?"

அவரே கதைக்கட்டும் என்று நான் இருந்தேன். எனக்குப் பாரமாகிவிடும் என்று அவர் ஒளித்தார். ஒருத்தருக்கொருத்தர் மரியாதை பார்த்தே வாப்பாவின் நாளைத் தொலைத்துவிட்டோம். வரும் வழியெல்லாம் அழுதேன்.

05.03.2025, புதன்

நாலாம் நோன்பு. லுஹர் தொழுதுவிட்டுப் பாயில் சரிந்தேன். கஞ்சி காய்ச்சும் பெரிய கிடாரத்தில் அகப்பை உரசும் சத்தம் கேட்டது. வாப்பா ஆவிக்குள் நிற்கிறார், முகம் தெரியவில்லை. "உப்புப் பாத்தியா மகள்?" என்கிறார். நோன்போடு எப்படி வாப்பா உப்புப் பார்க்கிற என்று கேட்கிறேன். சிரிக்கிறார். எழும்பிப் பார்த்தால் ஜன்னல் சீலை காற்றில் ஆடுகிறது, கடல் இரைகிறது. பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை அப்படியே கிடந்தேன்.

13.03.2025, வியாழன்

பாத்தும்மா வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசலிலேயே நின்றாள்.

"மகள், உங்கட கிடாரமும் பின்வளவும் தருவீங்களா? என்ட சின்ன அடுப்புக் குசினிக்க அது நுழையாது."

அவளே சொன்னாள்: "இடியப்பத்துக்கு அரிசி நனைக்கக்குள்ள ஒவ்வொரு நாளும் ஒரு பிடி எடுத்து வெப்பன். எத்தினையோ வருஷம். மோதினாரிட்ட கேப்பன், நாள் இல்ல எண்டுவார். எல்லா நாளும் பெரிய குடும்பங்கள்ட. சேத்த அரிசிய ஒவ்வொரு பெருநாளைக்கும் ஆருக்காவது குடுத்திட்டு, திரும்பவும் முதல்ல இருந்து சேப்பன். இந்த முறைதான் மகள் ஒரு நாள் விழுந்திச்சு. உங்கட வாப்பாட கஞ்சியில நோன்பு தொறந்த ஆள் நான். ஒருக்காலெண்டாலும் நானும் குடுக்கணும்."

விழுந்த நாள். நாங்கள் தவறவிட்டதை அவள் அப்படித்தான் சொன்னாள். வருடக்கணக்காக அவள் வரிசையில் நின்றதை நான் கஞ்சிக்கு என்றே நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

"ஓம்" என்றேன். அவள் போனதும் காக்காவுக்குக் கோல் எடுத்தேன். இந்த முறை காத்திருக்கவில்லை.

18.03.2025, செவ்வாய்

பதினேழாம் நோன்பு. காக்கா விறகும் தேங்காயும் கொண்டுவந்தார். பாத்தும்மாவின் அரிசி நாலைந்து நிறம். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு அரிசி. காக்கா கிண்டினார், நான் தேங்காய்ப்பால் விட்டேன். நோன்பில்லாத நஜ்லாதான் உப்புப் பார்த்தாள். "காணாது" என்றாள், பாத்தும்மா இன்னும் ஒரு பிடி உப்புப் போட்டாள். ஆவியில் மாமரம் மங்கிப்போனது. வாப்பா அங்கேதான் எங்கேயோ நிற்கிறார் என்று எனக்குப் பட்டது, இவர் சிரித்தாலும் சரி.

பள்ளி ஒலிபெருக்கியில் மோதினாரின் குரல் வந்தது: "இன்றைய கஞ்சி, பாத்தும்மா." பாத்தும்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அழுது முடியும்வரை காக்கா கிண்டினார்.

பள்ளிக்குக் கொண்டுபோகக் கிடாரத்தை வண்டியில் ஏற்றுமுன் பாத்தும்மா தன் தூக்குச்சட்டியை நிரப்பி என் கையில் தந்தாள். அந்த நாளில் எங்கள் வீட்டுக்கு யாரும் கஞ்சி தந்ததில்லை. எப்படி வாங்குவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இரண்டு கையாலும் வாங்கினேன்.

31.03.2025, திங்கள்

பெருநாள். மோதினார் வந்திருந்தார். வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டே, "அடுத்த வருஷம் பதினேழ திரும்ப உங்கட பேருலயே எழுதவா?" என்று கேட்டார். வயல் விளைந்துவிடும் என்று அவருக்கும் தெரியும்.

காக்கா என்னைப் பார்த்தார். மூத்தவர் சொல்லட்டும் என்று நான் இருக்கவில்லை.

"பாத்தும்மாட பேருலயே இருக்கட்டும். அரிசிக்குக் காக்காவும் அவவோட சேருவார். அடுப்பு இஞ்சதான்" என்றேன். காக்கா தலையாட்டினார்.

உப்பை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்ல வேண்டும்.