வியாழக்கிழமை எண்ணெய்

பிஷ்கேக்
12 செப்டம்பர் 2004

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் குந்துஸ் எழுதுவது. போனில் உங்களுக்குக் காது கேட்பதில்லை. கேட்டாலும் என் குரல் என்று தெரிந்ததும் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

நவம்பரில் அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. வருட விருந்துக்கு நான் வீட்டுக்கு வரலாமா?

நாற்பதாம் நாள் சுவூரா அத்தை ஊர் முன்னால் என் கையில் கரண்டியைக் கொடுத்தபோது நான் வாங்கவில்லை. எண்ணெயில் மாவைப் பொரித்து, அந்த வாசனை அம்மாவுக்குப் போய்ச் சேரும் என்று நம்புவதுபோல் நடிக்க என்னால் முடியவில்லை. ஆனால் அதைச் சொல்ல அதுவா நேரம்? முன்னாலேயே தனியாகச் சொல்லியிருக்கலாம். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இயேசுவை நம்புவதற்கு அல்ல. "சட்டியத் தொடமாட்டேன்னா என் வாசலையும் தொடாதே" என்று நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உங்கள்
குந்துஸ்


அத்-பாஷி
24 செப்டம்பர்

குந்துஸ்,

முழங்கால் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது.

நீ வருவது பிறகு. முதலில் ஒரு கேள்வி. நான் முல்லாவையும் நம்பாதவன், உன் பாஸ்டரையும் நம்பாதவன். மலைமேல் வானிலை நிலையத்தில் முப்பத்தொரு வருடம், அளந்து பார்த்ததை மட்டும் எழுதியவன். உன் அம்மாவுக்காக எண்ணெயில் மாவு பொரிக்கச் சொன்னதுகூட அவளுக்குப் பிடிக்கும் என்பதற்காகத்தான்.

இப்போது மூன்று வியாழக்கிழமையாக, செத்தவர்களுக்கென்று உன் அம்மா பொரிக்கிற அதே நாளில், மாலை ஐந்து மணிக்கு, சமையல் கொட்டகையிலிருந்து மாவு பொரிக்கிற வாசனை வருகிறது. அடுப்பு எரியவில்லை. சட்டி கவிழ்ந்தே கிடக்கிறது. அக்கம்பக்கத்தில் யாரும் பொரிக்கவில்லை, போய்க் கேட்டேன். சுவூராவிடம் சொன்னால், "ஏன்டா சாகின், நீங்க போடலேன்னா அவளே வந்து போட்டுக்கறா. எல்லாம் உன் மக பண்ணின வேலை" என்கிறாள்.

உன் வேதம் இதற்கு என்ன சொல்கிறது? சுற்றி வளைக்காமல் எழுது.

சாகின்பேக்


பிஷ்கேக்
4 அக்டோபர்

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தைப் இரண்டு முறை படித்தேன். சில நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

செத்தவர்கள் சமையல் கொட்டகைக்குத் திரும்பி வருவார்கள் என்று எங்கள் விசுவாசம் சொல்வதில்லை. அவர்களைக் கூப்பிட்டுப் பேசவும் கூடாது என்கிறது. இயேசு உயிர்த்தெழுந்து வந்தபோது அவருடைய சீடர்களே ஆவி என்று பயந்தார்கள். தொட்டுப் பார்க்கச் சொன்னார். சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, சுட்ட மீனைத் தின்றார். நாங்கள் காத்திருப்பதும் அதற்குத்தான், கடைசியில் உடம்போடு எழுந்திருப்பதற்கு. வாசனையாக அலைவதற்கு அல்ல.

அதனால் அது அம்மா என்று சொல்லமாட்டேன். கடவுள் உங்களுக்கு அனுப்பிய அடையாளம் என்றும் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது. கொட்டகை மரத்தில் வருடக்கணக்காக எண்ணெய் ஊறியிருக்கிறது, வெயில் பட்டால் வாசம் விடலாம். டாக்டரிடமும் போங்கள். இல்லாத வாசனை வருவது சில சமயம் நோயாகவும் இருக்கும். தனியாக இருக்கிறீர்களே என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள்
குந்துஸ்


அத்-பாஷி
15 அக்டோபர்

குந்துஸ்,

மீனைத் தின்று காட்டியது நல்ல சோதனைதான். ஆனால் பார்த்தவர்கள் எல்லாம் அவருடைய ஆட்கள். நிலையத்தில் வேறொருவன் தனியாக அளந்து ஒத்துவந்தால்தான் ஏற்போம்.

இப்போது கடினமான கேள்வி. உன் அம்மா உன் இயேசுவை நம்பாமல் செத்தாள். அவள் நரகத்திலா இருக்கிறாள்? ஆம் என்றாலும் எழுது, இல்லை என்றாலும் எழுது. நீ வருவதா வேண்டாமா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்வேன்.

நேற்றும் வாசனை வந்தது.

சாகின்பேக்


பிஷ்கேக்
21 அக்டோபர்

அன்புள்ள அப்பா,

எல்லாரும் அவருடைய ஆட்கள் அல்ல. பவுல் என்று ஒருவன் அவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டுக்கொண்டிருந்தவன். அவனும் அவரைக் கண்டதாகச் சொன்னான். உங்களுக்கு அது போதாது என்று தெரியும்.

அம்மாவைப் பற்றி. அவளைப் புதைத்த நாளிலிருந்து இதே கேள்வியோடுதான் இருக்கிறேன். சபையில் ஒரு அக்கா, "நல்ல சந்தர்ப்பம்டி. 'அம்மா அங்க தவிக்கறாங்க, நீங்களாவது நம்புங்க'ன்னு எழுது. மனுஷன் கரைஞ்சிடுவாரு" என்றாள். எழுதிவிடலாமா என்று எனக்கும் ஒரு நிமிஷம் ஆசை வந்தது. எழுதமாட்டேன்.

மீட்பு இயேசு வழியாகத்தான் என்று நம்புகிறேன். உங்கள் மனம் நோகுமே என்று அதை மழுப்பவும் மாட்டேன். ஆனால் ஒருத்தியின் தீர்ப்பைச் சொல்லும் வேலை எனக்குக் கொடுக்கப்படவில்லை. அது அவருடையது. நண்பனின் கல்லறைக்கு முன்னால் அழுதவர் அவர், அநியாயம் செய்யமாட்டார். அம்மாவை அவரிடம் விட்டுவிட்டேன். விட்ட பிறகும் அழுகிறேன். அவள் எங்கே என்று எனக்குத் தெரியாது அப்பா.

வரவேண்டாம் என்றாலும் எழுதிக்கொண்டிருப்பேன்.

உங்கள்
குந்துஸ்


அத்-பாஷி
27 அக்டோபர்

என் மகளே,

வாசனை எதுவும் வரவில்லை. நான் கட்டிய பொய் அது. முப்பத்தொரு வருடத்தில் இல்லாத அளவை ஒருநாளும் எழுதாதவன் உனக்கு எழுதினேன். பேய்க்கதை கேட்டதும் என்னை உன் மதத்துக்கு இழுக்கத் தூண்டில் போடுவாய் என்று நினைத்தேன். நீ டாக்டரிடம் போகச் சொன்னாய். அம்மா விஷயத்தில்கூடத் தெரியாது என்று எழுதினாய். அதைப் படித்து அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

நான் நம்பப்போவதில்லை. ஆனால் நீ வா. சுவூராவிடம் சொல்லிவிட்டேன், "எம் மக வருவா. அவ கையில கரண்டியத் திணிக்காதே" என்று. "ஊர் என்னடா சொல்லும்?" என்றாள். "ஊர் தின்னுட்டுப் போகும்" என்றேன்.

வெள்ளிக்கிழமை. கடிதத்தை அனுப்புவதற்குள் இதையும் எழுத வேண்டியதாயிற்று. நேற்று மாலை ஐந்து மணிக்கு வாசனை வந்தது. இது பொய் இல்லை. கொட்டகைக்குள் நாலு டிகிரி. அடுப்பில் போன வருடத்துச் சாம்பல். கவிழ்ந்து கிடந்த சட்டியின் முதுகில் கை வைத்தேன். வெப்பமானியை ஒட்டிவைத்து இரண்டு முறை அளந்தேன். முப்பத்தாறு.

வீட்டுக்குள் வந்து தாழ் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். இரண்டு கையிலும் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் உன் அம்மா முழங்கையால் இடிப்பாளே, அப்படி. நான் திறக்கவில்லை. இன்று காலையிலும் கேட்டது.

உன்னிடம் விளக்கம் கேட்கவில்லை. பிஷ்கேக் போகிற வேனோட்டி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், கிடைத்ததும் புறப்படு. ஒன்று மட்டும். வந்ததும் கதவைத் தட்டாதே. வெளியே நின்று "அப்பா" என்று கூப்பிடு. உன் அம்மா என்னை அப்படிக் கூப்பிடமாட்டாள்.

அப்பா